ரிச்மண்டின் எல்லை ஏன் நகர வேண்டும்

வர்ஜினியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டில், பிராட் தெரு வழியாக ‘பல்ஸ்’ என்றொரு விரைவுப் பேருந்து 2018 ஜூனில் ஓடத் தொடங்கியது. மேற்கே அதன் கடைசி நிறுத்தமாக வைத்தது வில்லோ லான் என்ற கடைத்தொகுதியை. அங்கே கதவு திறந்ததும் எல்லோரும் இறங்கியாக வேண்டும். தெரு மட்டும் அங்கே முடிவதில்லை. அதே பிராட் தெரு, அதே பெயரோடு, இன்னும் பல மைல் மேற்கே போகிறது. கார் விற்கும் இடங்கள், மருத்துவமனைகள், ஷார்ட் பம்ப் பெருங்கடை வளாகம் எல்லாம் அந்தப் பக்கம்தான். வேலைக்கு ஆள் தேடும் கடைகள் அங்கே இருக்கின்றன. கார் இல்லாமல் வேலை தேடுகிறவர்களில் பெரும்பாலோர் கிழக்கே, நகரத்துக்குள் இருக்கிறார்கள். மேலே போக வேண்டியவர்கள் நிழற்குடையில் நின்று இன்னொரு பேருந்துக்குக் காத்திருப்பார்கள். மேற்கே நீட்ட வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக நடக்கிறது. நகர எல்லைக்கோடு சாலையைக் கடப்பது அந்த நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால். சாலையில் நின்று தேடினால் அந்தக் கோடு கண்ணில் படாது.

என் வீடு கோட்டுக்கு மேற்கே, ஹென்ரைக்கோ கவுன்டியில் இருக்கிறது. தபால் முகவரியில் ஊர் ரிச்மண்ட் என்றே வரும். ஊரிலிருந்து யாராவது கேட்டால் ரிச்மண்டில் இருக்கிறேன் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ரிச்மண்ட் மேயரைத் தேர்ந்தெடுக்க எனக்கு வாக்கு கிடையாது. நான் கட்டும் வீட்டு வரியில் ஒரு சென்ட்கூட ரிச்மண்ட் பள்ளிகளுக்குப் போகாது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் வீடு வாங்கும் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சொல்வார்: “நல்லவேளை, சிட்டிக்குள்ள இல்லை.” எல்லோரும் தலையாட்டுவோம். நானும் பல வருடம் ஆட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது; அந்தச் சட்டத்துக்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. நகரம் பக்கத்து நிலத்தை இணைப்பது பறிப்பு, கவுன்டி மக்கள் விரும்பாதபோது அவர்களை நகரத்துக்குள் இழுப்பது ஜனநாயக விரோதம், ஆகவே எல்லைகளை அசையாமல் வைத்ததே சரி என்பது அந்த நியாயம். அது தவறு என்பதே என் கட்சி.

கவுன்டி என்றதும் மாவட்டம் என்று எடுத்துக்கொண்டால் வர்ஜினியா புரியாது. தமிழ்நாட்டில் மாநகராட்சி எவ்வளவு பெரிதானாலும் மாவட்டம் என்ற அமைப்பிலிருந்து அது பிரிந்து போவதில்லை. அமெரிக்காவின் மற்ற மாநிலங்களிலும் ஏறக்குறைய அப்படித்தான். நகரம் இணைத்துக்கொண்ட நிலம் கவுன்டிக்குள்ளேயும் இருக்கும், கவுன்டிக்கு அதிலிருந்து வரியும் வரும். வர்ஜினியாவில் நகரம் வேறு, கவுன்டி வேறு. நாடு முழுவதும் இப்படிக் கவுன்டியில் சேராத தனி நகரங்கள் 41. அவற்றில் 38 வர்ஜினியாவில் இருக்கின்றன. இங்கே எல்லை நகர்ந்தால் அந்த இடத்தின் வீடு, கடை, வரி, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசிடம் முழுசாகப் போய்விடும். ஒருவருடைய வரவு மற்றவருக்கு அப்படியே இழப்பு. இணைப்பு வழக்குகள் இங்கே பங்காளிச் சண்டை போல நடந்ததற்கு அதுதான் காரணம்.

பங்காளிச் சண்டையைத் தீர்க்க நடுவர் வேண்டும். 1904-ல் வர்ஜினியா அதைத்தான் செய்தது. இணைப்பைச் சட்டமன்றத்தின் பேரத்துக்கு விடாமல் நீதிமன்றத்திடம் கொடுத்தது. பிற்பாடு அது மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்கும் வழக்காக ஆனது. இணைப்பு தேவை, உகந்தது என்று நகரம் நிரூபிக்க வேண்டும். கவுன்டி மறுத்து வாதாடும். நீதிபதிகள் கோட்டை வரைவார்கள், நகரம் கேட்டதைவிடக் குறைத்தும் வரைவார்கள். கவுன்டியின் கடனில் நகரம் பங்கு ஏற்க வேண்டும், கைமாறும் பொதுச் சொத்துக்கு விலை கொடுக்க வேண்டும், புதிய பகுதிக்குச் சாலையும் சாக்கடையும் போட்டுத் தர வேண்டும். 1960-களில் ஹென்ரைக்கோவின் ஒரு பகுதியை நீதிமன்றம் ரிச்மண்டுக்குத் தர முன்வந்தபோது, அதற்கான செலவு கட்டுப்படியாகாது என்று நகரமே வேண்டாம் என்றது. பறிக்க வந்தவன் விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதில்லை. ‘நிலப்பறிப்பு’ என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறவர்கள் இந்த ஏற்பாட்டை ஒரு முறை படித்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

அந்த நடுவர் மன்றத்தின் கதவை அடைத்தது எப்படி? 1979-ல் சட்டமன்றத்தில் ஒரு பெரிய கொடுக்கல் வாங்கல் நடந்தது. 20,000 மக்களும் சதுர மைலுக்கு 300 பேரும் இருக்கும் கவுன்டி, அல்லது 50,000 மக்களும் சதுர மைலுக்கு 140 பேரும் இருக்கும் கவுன்டி, நகர இணைப்பிலிருந்து நிரந்தர விலக்குப் பெறலாம் என்றார்கள். பதிலுக்கு, சொந்தக் காவல் துறை வைத்திருக்கும் நகரங்களுக்கு மாநிலம் காவல் செலவில் உதவும். அந்த உதவிக்கு மசோதா எண்ணை வைத்து ‘599 பணம்’ என்றே இன்றும் பெயர். பிறகு 1987-லிருந்து, எந்த நகரமும் எந்தக் கவுன்டி மீதும் இணைப்பு வழக்குத் தொடுக்க முடியாது என்று ஒரு தற்காலிகத் தடை வந்தது. அன்றிலிருந்து அந்தத் தற்காலிகத்தை நீட்டிக்கொண்டே வருகிறார்கள். 1987-ல் பிறந்த குழந்தைக்கு இன்று நடுவயதை நெருங்கும் காலம்.

இதை ஜனநாயக உரிமை என்று சொல்கிறவர்கள் அந்தச் சட்டத்தின் ஒரு நிபந்தனையைப் பார்க்க வேண்டும். நகரங்களுக்கான காவல் உதவிப் பணத்தைச் சட்டமன்றம் முழுமையாக ஒதுக்கத் தவறினால் தடை விலகிவிடும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மக்களின் சம்மதம் என்ற பிறப்புரிமைதான் இதன் அடிப்படை என்றால், காவல் துறைக்குப் பணம் குறைந்ததும் அந்த உரிமை எப்படிக் காலாவதியாகும்? எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, இது ஒரு வியாபாரம் என்று. நகரங்கள் வளர்ச்சியை விற்றன. கவுன்டிகள் நிம்மதியை வாங்கின. நான் வாழும் கவுன்டி அந்த வியாபாரத்தில் லாபம் பார்த்த பக்கம்.

சம்மதம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ரிச்மண்டில் ஜின்டர் பார்க் என்ற பகுதி இருக்கிறது. பெரிய மரங்கள், அகன்ற திண்ணை வைத்த பழைய வீடுகள். ‘அசல் ரிச்மண்ட்’ பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களை அங்கேதான் கூட்டிப் போகிறார்கள். அது 1914-ல் இணைத்துக்கொண்ட இடம். நகரத்தின் செல்வந்தர்கள் வாழும் வின்ட்சர் ஃபார்ம்ஸ் 1942-ல் வந்து சேர்ந்தது. ஆற்றுக்குத் தெற்கே மான்செஸ்டர் தனி நகரமாக இருந்து 1910-ல் ஒன்றானது. அந்தந்தக் காலத்தில் அவையெல்லாம் வெளியூர். இணைந்த தலைமுறை எதிர்த்திருந்தாலும், அதற்கடுத்த தலைமுறை ரிச்மண்ட்காரர்களாகவே வளர்ந்தது. ஒரு நகரம் எப்போதுமே அப்படித்தான் நகரமாகிறது. 1942-ல் இருந்த ஹென்ரைக்கோவாசிக்கு இல்லாத விலக்கு எனக்கு மட்டும் எந்த அடிப்படையில் வந்தது? நான் பின்னால் வந்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. சம்மதம் கேட்பது என்றால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். எல்லை எங்கே இருக்கிறது என்பது உள்ளே இருப்பவரையும் பாதிக்கிறது. வெளியே குடியேறியவர் பகலில் நகரத்தில் வேலை பார்த்து, நகரத்துச் சாலையைத் தேய்த்து, மாலையில் வரியோடு வீடு திரும்புகிறார். அதன் பாரத்தை யார் சுமப்பது என்று நகரத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்ணிடம் யாரும் கேட்டதில்லை. இருவரில் ஒருவருக்கு மட்டும் மறுக்கும் உரிமை தருவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

இனி, எதிர்த்தரப்பின் கனமான வாதத்துக்கு வருகிறேன். அது கனமானது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. 1970 ஜனவரி 1-ஆம் தேதி ரிச்மண்ட், செஸ்டர்ஃபீல்டு கவுன்டியிலிருந்து 23 சதுர மைலை இணைத்தது. அதற்கு முன் நகரத்தில் 2,02,359 பேர். அவர்களில் கறுப்பினத்தவர் 52 சதவீதம். இணைந்த பகுதியில் 47,262 பேர். அவர்களில் கறுப்பினத்தவர் 1,557 பேர் மட்டுமே. ஒரே இரவில் கறுப்பினத்தவரின் பங்கு 42 சதவீதமானது. நகர மன்றத்தின் ஒன்பது இடங்களுக்கும் அப்போது முழு நகரமும் சேர்ந்து வாக்களிக்கும் முறை இருந்தது. அந்த ஆண்டே தேர்தல். கறுப்பினத்தவர் பெரும்பான்மை பெறுவதைத் தடுக்கவே வெள்ளையர் தலைமை அவசரமாகப் பேரம் முடித்தது. அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த கர்டிஸ் ஹோல்ட் என்ற கறுப்பினப் போராளி வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; 1972-லிருந்து நகரத் தேர்தலே நிறுத்தி வைக்கப்பட்டது. இணைப்பின் முகத்தை இதில் பாருங்கள், இப்படிப்பட்ட ஆயுதத்தை நகரத்தின் கையில் மறுபடி கொடுப்பதா என்று கேட்கிறார்கள்.

நானும் அந்த முகத்தைப் பார்க்கிறேன். நடந்தது அநீதி, சந்தேகமில்லை. ஆனால் அந்த அநீதியை நீதிமன்றம் எப்படிச் சரிசெய்தது என்பதோடு சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். 1975 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிலம் திரும்பிப் போகவில்லை. நகரத்தை ஒன்பது வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு உறுப்பினர் என்று தேர்தல் முறையை மாற்றினார்கள். 1977 மார்ச்சில் நடந்த தேர்தலில் ஒன்பதில் ஐந்து இடம் கறுப்பின உறுப்பினர்களுக்குக் கிடைத்தது. ஹென்றி மார்ஷ் ரிச்மண்டின் முதல் கறுப்பின மேயரானார். விரிந்த எல்லையும் நியாயமான பிரதிநிதித்துவமும் ஒன்றாக இருக்க முடியும் என்று அதே வழக்கு காட்டிவிட்டது.

இப்போது எல்லை நகராமல் நின்ற கதையைப் பார்ப்போம். அதே ரிச்மண்டில், அதே வருடங்களில், பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்க ஒரு வழக்கு நடந்தது. வெள்ளையர் குடும்பங்கள் கோட்டுக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கும்போது நகரத்துக்குள் மட்டும் பிள்ளைகளைக் கலப்பது பயன்படாது என்று உணர்ந்த நீதிபதி ராபர்ட் மெரிஜ், 1972 ஜனவரியில் ரிச்மண்ட், ஹென்ரைக்கோ, செஸ்டர்ஃபீல்டு மூன்றின் பள்ளி நிர்வாகங்களையும் ஒன்றாக்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டில் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தில் 1973-ல் நான்குக்கு நான்கு என்று நின்றது. ரிச்மண்ட் பள்ளிக் குழுவின் முன்னாள் தலைவரான நீதிபதி லூயிஸ் பவல் வழக்கிலிருந்து விலகிக்கொண்டதால் அந்தச் சமநிலை. சமநிலை என்றால் கீழ்த் தீர்ப்பே நிலைக்கும். கோடு கோடாகவே இருந்துவிட்டது.

எல்லை நகர்ந்தபோதும் கறுப்பினத்தவருக்கு அநீதி நடந்தது. நகராமல் நின்றபோதும் நடந்தது. முதலாவதற்குப் பரிகாரம் கிடைத்தது. இரண்டாவதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை. முதலாவதை மட்டும் மேடைக்கு மேடை சொல்லி, இரண்டாவதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் ஹோல்ட்டின் பெயரை எடுப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. அவர் கேட்டது தன் மக்களின் வாக்குக்கு மதிப்பு. மேற்குப் புறநகர் வீடுகளின் விலையைக் காப்பாற்ற அவர் நீதிமன்றப் படி ஏறவில்லை.

அடுத்து, நகரத்துக்கு நிர்வாகம் தெரியாது, எங்கள் பணத்தைக் கொண்டுபோய் அங்கே கொட்டுவானேன் என்ற பேச்சு. 2025 ஜனவரி 6-ஆம் தேதி, பனிப்புயலை அடுத்து மின்சாரம் தடைபட்டு, ரிச்மண்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் செயலிழந்தது. நாள்கணக்கில் நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. இது தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று என்று மாநில சுகாதாரத் துறையே குற்றம் சாட்டியது. எதிர்த்தரப்பு இதைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆனால் அன்று காய்ந்தவை நகரத்துக் குழாய்கள் மட்டுமா? நகரத்திடம் தண்ணீர் வாங்கும் ஹென்ரைக்கோவின் பகுதிகளிலும் தண்ணீர் இல்லை. கவுன்டியிலும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். அந்த நிலையத்தை நடத்தும் நகர அரசை ஹென்ரைக்கோவாசிகள் தேர்தலில் தண்டிக்க முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு அங்கே வாக்கில்லை. தனியாக இருப்பதுதான் சுயாட்சி என்றார்களே, ஜீவாதாரமான தண்ணீரில் அந்தச் சுயாட்சி எங்கே போனது?

பணக் கணக்கையும் பேசிவிடலாம். ரிச்மண்டில் வீட்டு வரி 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் 20 சென்ட். ஹென்ரைக்கோவில் 90 சென்டுக்கும் கீழே. 4 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 1,200 டாலருக்கும் மேலே வித்தியாசம். அங்கே அதிகம், இங்கே குறைவு என்பதற்குத் திறமை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மாநிலத் தலைமைச் செயலகம், அரசுப் பல்கலைக்கழகம், நீதிமன்றங்கள், பழைய தேவாலயங்கள் என்று வரி கட்டாத கட்டடங்களை எல்லாம் நகரம்தான் தாங்குகிறது. இந்தப் பகுதி முழுவதும் பயன்படுத்தும் அவற்றைச் சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும் அந்த இடைவெளியைத் தங்கள் வரியால் நிரப்புகிறார்கள். 1970-ல் ரிச்மண்டில் 2,49,621 பேர் இருந்தார்கள், 2000-ல் 1,97,790. ஹென்ரைக்கோவில் அதே 1970-ல் ஒன்றரை லட்சத்துச் சொச்சம், 2020-ல் 3,34,389. போனவர்கள் பணத்தோடு போனார்கள். போக முடியாதவர்களின் தேவைகள் நகரத்திலேயே தங்கின. அதன் பிறகு கோட்டை உறைய வைத்துவிட்டு, “பார், உன்னால் சமாளிக்க முடியவில்லை” என்று நகரத்தைப் பார்த்துச் சொல்வது நேர்மையா?

இணைப்புக்குப் பயந்து கவுன்டிகள் செய்ததையும் வர்ஜினியாவின் கடற்கரையில் பார்க்கலாம். நார்ஃபோக் நகரம் தங்களைத் தொடாமல் இருக்க, 1963-ல் பிரின்சஸ் ஆன் கவுன்டி வர்ஜினியா பீச் என்ற சின்ன நகரத்தோடு சேர்ந்து மொத்தமும் ‘நகரம்’ ஆனது. அதே ஆண்டு நார்ஃபோக் கவுன்டி, சௌத் நார்ஃபோக்கோடு சேர்ந்து செசபீக் நகரமானது. நான்ஸ்மண்ட் கவுன்டி 1972-ல் நகரமாகி, 1974-ல் சஃபோக்கோடு கலந்தது. சோள வயலும் சதுப்புக்காடும் நகர எல்லைக்குள் வந்தன. மூன்று கவுன்டிகளின் பெயர் வரைபடத்திலிருந்தே போய்விட்டது. நார்ஃபோக்கும் போர்ட்ஸ்மத்தும் நாற்புறமும் சுவரெழும்பிய கிணறுபோல ஆயின. நார்ஃபோக்கின் மக்கள்தொகை 1970-ல் 3 லட்சத்துக்கும் மேல், 2020-ல் 2,38,005.

சின்ன ஊர்களின் கதை வேறு விதம். வளர இடமில்லாமல், பள்ளியும் சிறைச்சாலையும் நீதிமன்றமும் தனியாக நடத்தும் செலவைத் தாங்காமல், சௌத் பாஸ்டன் 1995-லும் கிளிஃப்டன் ஃபோர்ஜ் 2001-லும் பெட்ஃபோர்டு 2013-லும் நகரம் என்ற தகுதியையே துறந்து கவுன்டிக்குள் சிற்றூராகத் திரும்பின. கவுன்டி அன்றைக்கு ஒரு பகுதி நிலத்தைக் காப்பாற்றியது. கடைசியில் முழு ஊரின் பள்ளிச் செலவும் அதன் மடியில் வந்து விழுந்தது.

இணைப்பு வேண்டாம், ஒத்துழைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாமே என்று இதமாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. அவர்கள் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு ஷார்லட்ஸ்வில். 1982-ல் அந்த நகரமும் அதைச் சுற்றியிருக்கும் ஆல்பமார்ல் கவுன்டியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. நகரம் இணைப்பைக் கைவிடும். கவுன்டி வருடா வருடம் தன் வீட்டு வரி வருமானத்தில் ஒரு பங்கை நகரத்துக்குத் தரும். கவுன்டி வாக்காளர்களே அதற்குச் சம்மதம் சொன்னார்கள். பின்னாளில் அந்தத் தொகை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்கு வளர்ந்தது. நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் அது எப்போது வந்தது என்று பாருங்கள். நகரம் நிஜமாகவே வழக்குப் போடக்கூடும் என்ற நிலை இருந்தபோது வந்தது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1987-ல் தடை வந்த பிறகு ஆல்பமார்ல்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: இணைப்பே நடக்காதபோது நாம் எதற்கு இன்னும் பணம் கட்டுகிறோம்? அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. இன்று ஒரு நகரம் போய் அதே ஒப்பந்தத்தைக் கேட்டால் எந்தக் கவுன்டி கையெழுத்துப் போடும்?

இந்தச் சிந்தனை வர்ஜினியாவோடு நிற்கவில்லை என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். வட கரோலினா 2011, 2012 ஆண்டுகளிலும், டென்னசி 2014-லும், டெக்சாஸ் 2017-லும் 2019-லும் நகரங்களின் இணைப்பு அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பிடுங்கின. எல்லாவற்றிலும் அதே சம்மத வாதம். டெக்சாஸில் நகரங்கள் எல்லை விரித்தே வளர்ந்தவை. இனி அங்கேயும் ரிச்மண்டுகள் உருவாகும்.

1904-ன் ஏற்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. நீதிபதிகள் முன் வழக்கு, கவுன்டிக்கு ஈடு, இணையும் பகுதிக்குக் கெடு வைத்துச் சாலையும் சாக்கடையும் என்ற மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். வட்ட வாரியான தேர்தல் இல்லாத நகரம் வழக்கே தொடுக்கக் கூடாது என்று சேர்க்க வேண்டும். ஹோல்ட் வாங்கித் தந்த பாடம் அது. இணைப்பால் சிறுபான்மையினரின் வாக்குப் பலம் குறைந்தால் நீதிமன்றம் மறுக்கலாம் என்றும் எழுத வேண்டும். 1979-ன் நிரந்தர விலக்குகளையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஹென்ரைக்கோ போன்ற கவுன்டிகள் மீது எந்த வழக்கும் வராது. இவை எதுவும் நடக்க, முதலில் தற்காலிகத் தடையை இன்னொரு முறை நீட்டிக்காமல் விட வேண்டும்.

போன பொங்கல் விழாவில் இதைச் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்: “அப்போ உங்க வீட்டு வரியும் கூடுமே சார், பரவாயில்லையா?” கூடும். ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர். யோசித்துத்தான் சொல்கிறேன், கட்டுவேன். அதோடு எனக்கு ஒரு வாக்கும் வரும். அந்தத் தண்ணீர் நிலையத்துக்குப் பொறுப்பான மேயரைத் தேர்ந்தெடுக்கவும், பேருந்து எதுவரை போக வேண்டும் என்று மன்றத்தில் எழுந்து கேட்கவும்.